ரஸ்துக்களின் அருகே இருந்தவர்



குருமனைக்கு வருகிறவர்களில் பலர் முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பதக்கங்களைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஊழியத்துக்கு வருமுன் பட்டாளத்தில் இருந்தீர்களா?" என்று கேட்பதுண்டு. நான் பட்டாளத்தில் இருந்ததில்லை. என் குடும்பத்திலும் ஒருவரும் இருந்ததில்லை. என் தகப்பனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அந்தப் பதக்கங்கள் யாவும் நான் சேர்த்தவை. பிரசங்க பீடத்திலிருந்து இதைக் குறித்து நான் ஒருநாளும் பேசியதில்லை. இந்த வாரம் பேச வேண்டியதாயிற்று. ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன். அது எனக்குப் பெருமை தரும் காரணமன்று.

பெங்களூரில் இறையியல் படித்த நாட்களில் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நண்பர்கள் உறங்கப் போவார்கள். நான் சிக்பேட்டையின் ஞாயிற்றுச் சந்தைக்குப் போவேன். பழைய பூட்டுகள், உடைந்த கடிகாரங்கள், செப்புக் குடங்கள் ஆகியவற்றின் நடுவே ஒருநாள் ஆறு முனையுள்ள நட்சத்திரம் ஒன்று கிடந்தது. நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்தடையாளமும் கிரீடமும். அவற்றைச் சுற்றிலும் பர்மா நட்சத்திரம் என்னும் பொருள்பட ஆங்கில எழுத்துகள். நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்த மாத இறுதி வாரத்தில் தேநீர் குடிக்கக் காசு இருக்கவில்லை. விடுதிக்குக் கொண்டுவந்து விளக்கொளியில் திருப்பிப் பார்த்தபோது பின்புறத்தில் ஓர் எண்ணும் ஒரு பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு மனிதனின் பெயரைப் பழைய பூட்டுகளோடு சேர்த்து நாற்பது ரூபாய்க்கு விற்றிருக்கிறார்களே என்ற வியப்பு அன்று உண்டாயிற்று. அந்த வியப்பு நாளடைவில் ஆசையாகி, ஆசை பிறகு வேறொன்றாகவும் ஆகிவிட்டது.

பதக்கங்களை அடையாளம் காண்பது எப்படி என்று இளைஞர்கள் கேட்பார்கள். முகப்பைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள் என்பதே என் முதல் பதில். முகப்பில் மன்னரின் தலை இருக்கும். அது எல்லாருக்கும் பொது. வாங்கியவர் யார் என்பதை விளிம்புதான் சொல்லும். முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் படையெண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறு எழுத்துகளில் அச்சுக் குத்தப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவத்தார் தம் சொந்த நாட்டு வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே பதக்கங்களை அனுப்பினார்கள். இந்திய வீரர்களுக்கோ பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். எனவே பர்மா நட்சத்திரத்தின் பின்புறத்தில் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் நம்மவர் ஒருவருடையதாக இருக்கலாம். பின்னாளில் பெயரை அராவி அழித்துவிட்டு வேறு பெயர் பொறிக்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டதில் விளிம்பு ஓரிடத்தில் மெலிந்திருக்கும். அளவுகோலை வைத்தால் 36 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய குறுக்களவு சற்றுக் குறையும். விரல் நுனியாலேயே சில வேளைகளில் உணரலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம்முடைய தாய்மார் குத்துவிளக்கைத் துலக்குகிற பக்தியோடு இவற்றையும் துலக்கி, மன்னரின் மூக்கையும் வீரரின் பெயரையும் ஒருசேரக் கரைத்துவிடுகிறார்கள்.

ஆயுதங்களை நான் சேர்ப்பதில்லை. சட்டம் ஒரு காரணம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் வாள் தொங்குவது தகாது என்பது மற்றொரு காரணம். ஆனாலும் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் உண்டு. ஒரு சகோதரர் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு வாளைக் கொண்டுவந்து, திப்பு சுல்தானின் படைத்தலைவருடையது என்றார். அலகின் அடியில், ஆறுமுனை நட்சத்திரத்துக்குள் பதித்த சிறு பித்தளை வட்டம் இருந்தது. லண்டனில் இருந்த வில்கின்சன் நிறுவனத்தின் சோதனைக் குறி அது. திப்பு இறந்தது 1799இல். அவருக்கு வருத்தம்தான். வேறு சிலர் கொண்டுவருவது நாடகக் கம்பெனிக் கத்தியாக இருக்கும். அதைச் சொல்லும்போது இன்னும் வருத்தம். நோபு என்னும் ஊரில் ஆசாரியனாகிய அகிமெலேக்கு, கோலியாத்தின் பட்டயத்தை ஒரு புடைவையில் சுற்றி ஏபோத்துக்குப் பின்னால் வைத்திருந்தான் என்று 1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆசாரியன் வீட்டிலும் பழைய ஆயுதம் இருந்ததே என்று என் மனைவியிடம் ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகளையும் வாள்களையும் அவசியம் பார்க்கவேண்டும். கைப்பிடியில் யாளியும் கிளியும் செதுக்கிய அந்த வேலைப்பாட்டின் முன் நான் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். அவை மிச்சம் மட்டுமே. தஞ்சை அரசு முடிவுக்கு வந்தபின், 1860களில், அந்த ஆயுதசாலையின் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். ஏசாயா கண்ட தரிசனத்தில் பட்டயங்கள் மண்வெட்டிகளாகின்றன. தஞ்சையிலோ அவை எடைக்குப் போயின. மண்வெட்டியாக எத்தனை ஆயின என்று யார் கணக்கு வைத்தார்கள்?

நான் சொல்லவேண்டிய காரியத்துக்கு வருகிறேன்.

1998ஆம் ஆண்டு வேலூருக்கு மேற்கே ஒரு கிராமச் சபையில் நான் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போவது வழக்கம். ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு சிறிய கல்வெட்டு உண்டு. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு அவ்வூரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் கல்வெட்டு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதே வாசகத்தோடு இத்தகைய கற்களைப் பார்க்கலாம். பெயர்கள் இரா.

அந்தச் சபையில் எழுபது வயதைக் கடந்த ஒரு விதவைத் தாயார் இருந்தார்கள். ஒருநாள் மாலை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பதக்கத்தை என் மேசைமேல் வைத்தார்கள். "ஐயரே, இது என் மாமனாருடையது. உங்களுக்கு இதெல்லாம் பிடிக்கும் என்றார்கள். இதற்கு ஏதாவது பெறுமா?" என்றார்கள். பேத்தியைச் செவிலியர் பயிற்சிக்குச் சேர்க்க விண்ணப்பக் கட்டணமும் பேருந்துச் செலவும் வேண்டியிருந்தன. பேரன் அப்போதுதான் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். அவனுடைய பணம் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

நான் முந்நூறு ரூபாய் கொடுத்தேன். அவர்கள் என் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஏழைக்கு உதவினேன் என்று அன்று இரவு ஜெபத்தில் தேவனுக்கு நன்றியும் செலுத்தினேன்.

அன்பானவர்களே, அந்த முந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பதக்கத்தை அவர்கள் உள்ளங்கையிலேயே மூடி அனுப்பியிருக்கலாம். பணம் என்னிடம் இருந்தது. அது நடக்காமற்போனதற்கு ஒரே காரணம், மேசைமேல் வைத்த கணத்திலேயே அது என்ன என்று நான் கண்டுகொண்டதுதான்.

பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் 1919இல் ஏற்படுத்தப்பட்டது. ஒருபுறம் முடிசூடாத தலையுடன் ஐந்தாம் ஜார்ஜ்; மறுபுறம் குதிரைமேல் ஆடையற்ற வீரன் ஒருவன், எதிரியின் கழுகுக் கேடயத்தையும் மண்டையோட்டையும் குதிரைக் குளம்பால் மிதிக்கிறான். வெள்ளியில் சுமார் 65 லட்சம் பதக்கங்கள் வார்க்கப்பட்டன. அதனால் வெள்ளிப் பதக்கம் அரிதன்று. நம் ஊர்களில் எத்தனையோ பதக்கங்கள் கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறிவிட்டன. இங்கிலாந்திலும் 1980இல் வெள்ளி விலை ஏறியபோது ஏராளமானவை உருக்கப்பட்டன. ஆனால் அதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மட்டுமே. அது போர்வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டதன்று. சீனா, மால்ட்டா, இந்தியா முதலிய இடங்களிலிருந்து போன தொழிலாளர் படையினருக்குக் கொடுக்கப்பட்டது. அச்சு ஒன்றே, மன்னர் ஒருவரே, உலோகம் மட்டும் வேறு. மூட்டை சுமந்தவனுக்கு வெள்ளி கிடையாது. குறைவாகச் செய்யப்பட்டதால் இன்று சேகரிப்பாளர்களிடையே வெள்ளியைவிட வெண்கலத்துக்கே மதிப்பு அதிகம். அந்தத் தாயார் கொண்டுவந்தது வெண்கலம். அதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அன்று இரவு கண்ணாடி வில்லை வைத்து விளிம்பை வாசித்தேன். புளி கொஞ்சம் தின்றிருந்தாலும் எழுத்துகள் தெரிந்தன. ஓர் எண். பிறகு ஒரு சொல். பிறகு, ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய, பாதி உருக்குலைந்த ஒரு தமிழ்ப் பெயர். கடைசியில் தொழிலாளர் படைப்பிரிவின் சுருக்கெழுத்து. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில், மற்றப் பதக்கங்களில் சிப்பாய் என்றோ நாயக் என்றோ பதவி இருக்கவேண்டிய இடத்தில் இருந்த சொல், கூலி. நம்முடைய தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது என்று அகராதி செய்தவர்கள் பலர் கருதும் அதே சொல், ஆங்கில எழுத்தில்.

இவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு தேடி வாசித்தேன். முதல் உலகப் போருக்காக இந்தியாவில் சேர்க்கப்பட்டவர்கள் 14 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆயுதம் ஏந்தாதவர்கள்: சுமைகாரர், சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், டோலி தூக்குபவர், துப்புரவு செய்பவர். அந்தக் குடும்பத்தார் நினைவில் வைத்திருந்த ஒரே ஊர்ப் பெயர் பஸ்ரா. மெசபடோமியாப் போருக்கு அதுவே துறைமுகம். ஆனால் போர் தொடங்கியபோது பெரிய கப்பல் அணையத்தக்க துறை அங்கு இல்லை. 1916இன் தொடக்கத்தில் சரக்குக் கப்பல்கள் இறக்குவாரின்றி வாரக்கணக்கில் ஆற்றிலேயே நின்றன. மேலே, திக்ரிஸ் நதிக்கரையில், கூத் என்னும் ஊரில் முற்றுகையிடப்பட்ட படை பட்டினியால் வாடி, 1916 ஏப்ரல் 29 அன்று துருக்கியரிடம் சரணடைந்தது. சுமார் 13,000 பேர் சிறைப்பட்டார்கள். வீரம் குறைந்து தோற்ற போரன்று அது. உணவும் மருந்தும் போய்ச் சேராததும் ஒரு பெரிய காரணம். அதற்குப் பின்புதான் துறைகள் கட்டப்பட்டன, சாலைகள் மேடாக்கப்பட்டன, பஸ்ராவிலிருந்து நாசிரியாவுக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. 1917 மார்ச்சில் பாக்தாத் வீழ்ந்தது. மண் சுமந்தவர்கள் இல்லாமல் அது நடந்திராது.

பஸ்ரா நினைவுச் சின்னம் என்று ஒன்று உண்டு. கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டவர்களின் நினைவாக 1929இல் திறக்கப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்திய வீரர்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டுமே. இந்த வேறுபாட்டைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. எங்கள் ஊர்ச் சாவடிக் கல்லும் எண்ணிக்கைதான் சொல்லுகிறது. இந்நிலையில் அந்த மனிதருடைய பெயர் உலோகத்தில் பொறிக்கப்பட்டு இவ்வுலகில் இருந்தது ஓரிடத்தில்தான். அந்த இடம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக என் அலமாரியின் இரண்டாம் இழுப்பறையாக இருந்தது. சுவரில் மாட்டவில்லை. மாட்டாததற்கு அழகியல் காரணம் ஒன்றை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆகஸ்டு மாதம் ஒருவர் தம் மகளின் திருமண அழைப்பிதழோடு குருமனைக்கு வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு; ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். அந்தத் தாயாரின் பேரன்! பாட்டியம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார். தங்கை செவிலியராகி நல்ல நிலையில் இருக்கிறார். காப்பி அருந்திக்கொண்டே சுவரில் இருந்த பதக்கங்களைப் பார்த்தவர் எழுந்து போய் ஒவ்வொன்றாகக் கவனித்தார்.

"எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, ஐயா. கொள்ளுத்தாத்தாவுடையது. பஸ்ராவில் துருக்கியரைச் சுட்டதற்கு மன்னர் கொடுத்த வீரப் பதக்கம். சின்ன வயதில் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போய் அடி வாங்கியிருக்கிறேன். நான் பட்டாளத்துக்குப் போனதே அதைப் பார்த்துத்தான். பாட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். கேட்டால் சொல்லவே மாட்டாள்."

அந்த அம்மாள் என் பெயரைச் சொல்லாமலே போயிருக்கிறார்கள். என்னைக் காப்பதற்காகத்தானா, விற்ற வெட்கத்தாலா? தெரியாது.

இழுப்பறை நான் அமர்ந்திருந்த நாற்காலிக்கு நாலடி தூரத்தில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. திருமணத்துக்கு அவசியம் வருகிறேன் என்று சொல்லி, ஜெபித்து, வாசல்வரை போய் வழியனுப்பினேன். என் மௌனத்துக்கு அன்று இரண்டு நியாயங்கள் கண்டுபிடித்தேன். கொடுத்தால் அவர் விளிம்பை வாசிப்பார், கொள்ளுத்தாத்தா சுடவில்லை, சுமந்தார் என்று தெரிந்துவிடும்; மகளின் திருமண நேரத்தில் அவர் மனத்தை ஏன் உடைக்கவேண்டும் என்பது முதலாவது. இரண்டாவது நியாயம் நினைவில்லை. முதலாவதே மிக நன்றாக இருந்தது. போதகர்களாகிய எங்களுக்கு இத்தகைய நியாயங்களைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சியே உண்டு.

அந்த வாரம் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த பகுதி 1 சாமுவேல் 30. உங்களுக்குத் தெரிந்த சம்பவந்தான். சிக்லாகு சுட்டெரிக்கப்பட்டுக் கிடக்கிறது. மனைவி பிள்ளைகளை அமலேக்கியர் சிறைபிடித்துப் போய்விட்டார்கள். தாவீது அறுநூறு பேரோடு துரத்துகிறான். பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேர் களைத்து நின்றுவிடுகிறார்கள். நானூறு பேர் போய், போரிட்டு, எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். அப்போது அவர்களில் சிலர், வராதவர்களுக்குப் பங்கு கிடையாது, மனைவி மக்களை மட்டும் அழைத்துக்கொண்டு போகட்டும் என்கிறார்கள். தாவீது மறுத்து, போருக்குப் போனவனுக்கும் ரஸ்துக்களின் அருகே இருந்தவனுக்கும் சமபங்கு என்று தீர்க்கிறான். அது இஸ்ரவேலில் பிரமாணமாகவே ஆகிவிடுகிறது.

ரஸ்து என்பது நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள பட்டாளத்துச் சொல். படையின் உணவுப்பொருள், மூட்டைமுடிச்சு எல்லாம் அதில் அடங்கும். இந்தப் பகுதியை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் ஒன்றை அந்த வாரந்தான் கவனித்தேன். கதை சொல்லும்போது வேதம் அந்த இருநூறு பேரைக் களைத்துப்போனவர்கள் என்றே சொல்லுகிறது. தாவீது தீர்ப்புச் சொல்லும்போது அந்தச் சொல்லை எடுக்கவில்லை. ரஸ்துக்களின் அருகே இருந்தவர்கள் என்கிறான். அவர்கள் நின்றதை அவன் ஒரு வேலையாக்கிவிடுகிறான். அதற்கு ஒரு பெயரும் கொடுக்கிறான்.

சனிக்கிழமை இரவு அந்தக் குறிப்பை எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்தேன். என் இழுப்பறையில் இருப்பவர் யார்? ரஸ்துக்களின் அருகே இருந்தவர். அவருடைய பங்கை வைத்துக்கொண்டிருப்பது யார்? ஞாயிறு அந்தப் பிரசங்கத்தை நான் செய்யவில்லை. வேறொரு பழைய பிரசங்கத்தைச் செய்தேன். சிலர் நன்றாயிருந்தது என்றும் சொன்னீர்கள்.

திங்கட்கிழமை காலைப் பேருந்தில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஹவில்தார் வீட்டுத் திண்ணையில் பந்தற்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார், அதாவது அந்தப் பாட்டியம்மாவின் மருமகள், உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். பந்தற்காரர் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு துணியைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். "தம்பி, உங்கள் பாட்டி இதை என்னிடந்தான் கொடுத்தார்கள். முந்நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்தபோது நீங்கள் சொல்லியும் நான் வாய் திறக்கவில்லை. என்னை மன்னிக்கவேண்டும்" என்றேன். பேருந்தில் இன்னும் நீளமாக ஒன்றை ஆயத்தம் செய்திருந்தேன், வரவில்லை.

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. பட்டாளத்துக்காரர் அல்லவா? பதக்கத்தைக் கையில் வாங்கியதும் விளிம்பைத்தான் திருப்பினார். இந்தியப் படைப் பதக்கங்களிலும் எண்ணும் பெயரும் விளிம்பில்தான் இருக்கும். அவருடைய சொந்தப் பதக்கங்கள் அவருக்கு அதைக் கற்பித்திருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துக் கட்டைவிரலால் மெல்ல நகர்த்திக்கொண்டே வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

வெகுநேரம் கழித்து, "அப்படியென்றால் சுடவில்லை" என்றார்.

"இல்லை, தம்பி."

உள்ளேயிருந்து தாயார் வந்து எட்டிப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் சற்றும் திடுக்கிடவில்லை. "அத்தை சொல்லுவார்கள், அவருக்கு வலது தோளில் கல் மாதிரி ஒரு காய்ப்பு இருந்ததாம். குழந்தையைத் தூக்கினால் அந்தப் பக்கம் சாய்க்கவே மாட்டாராம், தலை நோகும் என்று. குண்டு பட்ட தழும்பு என்று ஊரார் சொன்னார்கள். அத்தை மட்டும் சிரிப்பார்கள்" என்றார்கள்.

ஹவில்தார் பதக்கத்தை மடியில் வைத்துக்கொண்டார். "ஐயா, நான் சியாச்சினில் இருந்தேன். மேலே சாவடியில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நாங்கள். மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் அங்கே ஓர் இரவு தாங்காது. கஞ்சிக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான். அதை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி வந்தவர்கள் போர்ட்டர்கள். லடாக்கிப் பையன்கள்." சற்று நிறுத்தினார். "அவர்களில் ஒருவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டதே இல்லை. ஏய் போர்ட்டர், அவ்வளவுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே எனக்கு ஆறுதல் சொல்லத் தகுதி இருந்ததாகத் தோன்றவில்லை.

பிறகு அவர் எழுந்து உள்ளே போய் மூன்று நூறு ரூபாய்த் தாள்களோடு வந்தார். பாட்டி வாங்கியதைத் திருப்பித் தந்துவிட்டே பதக்கத்தை எடுத்துக்கொள்வேன் என்றார். கண்டிப்பான மனிதர். நான் கையை நீட்டவில்லை. "தம்பி, அந்தப் பணத்தை அன்று நான் உதவியாகக் கொடுத்திருக்க வேண்டும். விலையாகக் கொடுத்துவிட்டேன். இன்றைக்காவது அது உதவியாக இருக்கட்டும், அதைத் திருப்பித் தந்து மறுபடியும் விலையாக்கிவிடாதீர்கள்" என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்றார்.

சாப்பிடும்போது வேலைகளைப் பேசினோம். நாடா போய்விட்டது, புதியது வாங்கவேண்டும். நடுவில் ஆரஞ்சு நிறம், இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். தம்முடைய பதக்கங்களோடு அதையும் ஒரே சட்டத்தில் வைத்துத் திருமணத்தன்று முன்னறையில் மாட்டப்போவதாகச் சொன்னார். கீழே ஒரு சீட்டு வேண்டும், தமிழில், உங்கள் கையெழுத்து நன்றாயிருக்கும், நீங்களே எழுதுங்கள் என்றார்.

எண்ணை எழுதினேன். பெயரை, ஆங்கிலேய எழுத்தர் எழுதியபடி அல்ல, தாயார் உச்சரித்துக் காட்டியபடி முழுமையாக எழுதினேன். படைப்பிரிவை எழுதினேன். நடுவில் இடம் விட்டிருந்தேன்.

"அந்தச் சொல்லை எழுதவா, தம்பி? உறவினர்கள் வாசிப்பார்கள்."

"விளிம்பில் இருப்பதை எழுதுங்கள், ஐயா."

எழுதிக் கொடுத்தேன். கை கழுவிக்கொண்டு திரும்பும்போது தாயார் ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்துக்கொண்டு பதக்கம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். திருமண வீடு, எல்லாம் பளபளவென்று இருக்கவேண்டாமா என்றார்கள். கிண்ணத்தை வாங்கி, மன்றாடி, அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.